நெடும்பயணத்துக்குப் பின் நாரியும் பிடரியும்

தாயகத்தில் கால் வைத்த அன்றே "உடம்பெல்லாம் உளையுது, ஒருக்கா அமத்திவிடு" என்று குப்புறப் படுத்துவிடுகிறவர்கள் பலர். பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் ஒரே விமான இருக்கையில் மடங்கிக் கிடந்த தசைக்கு முதலில் வேண்டியது அசைவு. அழுத்தம் அதற்குப் பிறகு. விறைத்த தசையை எடுத்த எடுப்பிலேயே உரமாக அமத்தினால் அது எதிர்த்து இறுகும். ஐந்து நிமிடம் நடந்துவிட்டுத் தொட்டால் குறைந்த அழுத்தத்திலேயே இளகிக் கொடுக்கும்.

விமானத்துக்குள் செய்யவேண்டியது கொஞ்சம்தான். மணிக்கொரு தடவை குதிக்காலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்குங்கள், பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிக்காலைத் தூக்குங்கள். இப்படி 20 தடவை. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் காலிலுள்ள இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. முன் இருக்கையின் அடியில் பையைத் திணித்துவிட்டுக் காலை நீட்ட இடமில்லாமல் இருப்பதும், நித்திரைக் குளிசை போட்டு அசையாமல் கிடப்பதும் இந்த வேலையைக் கெடுக்கும்.

இறங்கியபின், கெண்டைக்காலில் கை வைக்குமுன் இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கணுக்கால் இரண்டும் ஒரே அளவில் வீங்கியிருந்தால் பெரும்பாலும் நடக்க, காலை உயர்த்திப் படுக்க, ஓரிரு நாளில் வற்றும். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட நொந்தால் அதை யாரும் அமத்தக்கூடாது. காலின் ஆழத்திலுள்ள நாளத்தில் இரத்தக்கட்டி இருக்கலாம். அமத்தினால் அது கழன்று நுரையீரலுக்குப் போகக்கூடும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் தட்டுப்படும் மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே இறங்கி, அங்கே கெண்டைக்காலின் சுற்றளவை அளவு நாடாவால் எடுங்கள். இரண்டு கால்களுக்கும் 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் அன்றே வைத்தியசாலைக்கு. மூச்சுத் திணறலோ நெஞ்சு நோவோ சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. பறந்து சில வாரங்கள் கழித்தும் இந்த இரத்தக்கட்டி வரலாம் என்பதால் முதல்நாள் பார்த்தது போதாது. கர்ப்பிணிகளும், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்களும், முன்பு இரத்தக்கட்டி வந்தவர்களும் காலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் காலுறை பற்றிப் புறப்படுமுன்பே மருத்துவரிடம் கேட்டுவிடவேண்டும்.

பிடரிக்கு வருவோம். தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. உட்கார்ந்தபடி தூங்குகையில் அது ஒரு பக்கம் சரிய, மறுபக்கத் தசை மணிக்கணக்காக இழுபட்டே நிற்கிறது. இந்த நோவுக்குத் தலையைக் கையால் பிடித்து இழுப்பது ஏற்கெனவே இழுபட்டதை மேலும் இழுப்பதுதான். முதலில் தோள்களைக் காதுவரை தூக்கி, மெல்ல இறக்குங்கள், 10 தடவை. பிறகு வலது கையால் இடது தோளுக்கும் கழுத்துக்கும் இடைப்பட்ட தடித்த தசையை உள்ளங்கைக்கும் விரல்களுக்கும் நடுவே கொத்தாகப் பிடியுங்கள். பிடியை விடாமல் தலையை "ஓம்" என்று 5 தடவை, "இல்லை" என்று 5 தடவை அசையுங்கள். மறுபக்கமும் அப்படியே. கழுத்தின் முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் அழுத்தவேண்டாம், மூளைக்குப் போகும் பெரிய நாடிகள் அங்கேதான் ஓடுகின்றன.

தலையிடியும் சேர்ந்திருந்தால் இரண்டு டெனிஸ் பந்துகளை ஒரு காலுறைக்குள் போட்டு இறுக முடிந்துகொள்ளுங்கள். மல்லாந்து படுத்து, மண்டையோடு முடிகிற விளிம்பின் கீழே, முள்ளந்தண்டுக்கு இருபுறமும் ஒவ்வொரு பந்து வருமாறு வையுங்கள். ஓரிரு நிமிடம் போதும். தலை சுற்றினால் எடுத்துவிடுங்கள்.

நாரிப்பிடிப்பு, அதாவது கீழ்முதுகுப் பிடிப்பு, பயணப்பெட்டியைத் தூக்கும்போதும் வரும். நெடுநேரம் குனிந்திருந்த முதுகோடு எழுந்தவுடன் 23 கிலோவை வளைந்து தூக்கினால் வேறென்ன ஆகும்? இரண்டு நிமிடம் நடந்து, இடுப்பில் கை வைத்து 5 தடவை பின்னுக்கு வளைந்துவிட்டுத் தூக்குங்கள். விடிய எழும்பிய முதல் ஒரு மணித்தியாலமும் இப்படித்தான்: இரவில் முள்ளந்தண்டு எலும்புகளுக்கிடையிலுள்ள வட்டுகள் நீர் ஊறிப் புடைத்திருக்கும், அப்போது குனிந்து பாரம் தூக்குவது ஆபத்து.

நாரி நோவுக்கு நாரியையே அமத்துவதைவிட இடுப்பின் முன்பக்கத்தை நீட்டுவது அதிகம் உதவலாம். உட்கார்ந்தே இருக்கையில் சுருங்குவது அந்தப் பக்கம்தான். ஒரு முழங்காலை மெத்தென்ற துணியில் ஊன்றி, மற்றப் பாதத்தை முன்னே வையுங்கள். பிட்டத்தை இறுக்கி, வால் எலும்பை உள்ளே மடக்கிக்கொண்டு, அரையங்குலம் முன்னே நகருங்கள். 30 செக்கன், பக்கத்துக்கு இரண்டு தடவை. பலர் இடுப்பை மடக்காமல் முதுகை வளைத்து முன்னே பாய்கிறார்கள். அப்போது நீட்சி இடுப்பின் முன்பக்கத்துக்குப் போகாமல் நாரியிலேயே நோவாக விழும்.

பிட்டத்தில் முடிச்சு இருந்தால் ஒரு டெனிஸ் பந்தைச் சுவருக்கும் உடம்புக்கும் இடையே வைத்து 30 முதல் 60 செக்கன் சாயுங்கள். கால்வழியே கீழ்நோக்கி மின்சாரம் ஓடியதுபோல் விறுவிறுத்தால் நரம்பில் நிற்கிறீர்கள், பந்தை நகர்த்துங்கள்.

வேறொருவர் அமத்தினால் நோவைப் பத்துக்கு எத்தனை என்று சொல்லிக்கொண்டே இருங்கள். ஐந்தைத் தாண்டி மூச்சைப் பிடிக்கிற நிலை வந்தால் தசை பயந்து இறுகிவிடும். மறுநாள் இலேசான உளைவு வழமை. கண்டல் காயம் வழமையல்ல. கழுத்தைச் சட்டென்று திருப்பிச் சொடுக்கு எடுக்க விடாதீர்கள். எலும்புத் தேய்வுள்ள முதியவரின் முதுகில் யாரையும் ஏறி மிதிக்கவும் விடாதீர்கள். இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு மெல்லத் தடவினாலே போதும். சலரோகத்தால் பாதம் மரத்தவர்களுக்குச் சூட்டு ஒத்தடம் கொடுத்தால் பொசுங்கினாலும் தெரியாது, சூட்டை முதலில் வேறொருவர் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்க்கட்டும்.

திரும்பும் பயணத்துக்கு முதல்நாள் உரமான அமத்தல் வேண்டாம். பந்துகளைக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.