விற்கிற மென்பொருளில் இலவச நிரலைச் சேர்க்கும்போது செய்யும் தவறுகள்

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதித் தருகிறேன். பெங்களூரா மாம்பழ சீசனில் வரும் ஒவ்வொரு லாரிக்கும் எடைச்சீட்டு பிடிஎஃப்பாக வேண்டும். அதற்கு, பிடிஎஃப் உருவாக்கும் ஆயத்த நிரல் தொகுப்பான ஐடெக்ஸ்ட் லைப்ரரியை இறக்கிச் சேர்த்தேன். இரண்டு ஆலைகளில் நிறுவிய பிறகே லைசென்ஸைப் படித்தேன். 5ஆம் பதிப்பிலிருந்து அது ஏஜிபிஎல் என்ற லைசென்ஸில் வருகிறது. அதன்படி எனக்கு இரண்டு வழிதான். ஒன்று, என் பில்லிங் நிரல் முழுவதன் சோர்ஸ் கோடையும் (நான் எழுதிய மூல வரிகள்) அதே லைசென்ஸில் ஆலைக்குத் தர வேண்டும். இல்லாவிட்டால் வணிக லைசென்ஸை விலைக்கு வாங்க வேண்டும். சீசன் நடுவே எல்லாவற்றையும் பிரித்து, நம் சோர்ஸ் கோடைக் கேட்காத அப்பாச்சி லைசென்ஸில் கிடைக்கும் பிடிஎஃப்பாக்ஸ் லைப்ரரிக்கு மாற்றினேன். முதல் நாளே பத்து நிமிடம் படித்திருந்தால் அந்த வேலையே வந்திருக்காது.

"ஒரு வரிகூட மாற்றவில்லை, பிறகெதற்கு சோர்ஸ் கோடு?" என்று பலர் கேட்கிறார்கள். ஓசூரில் கருவிகளுக்குள் லினக்ஸ் இயங்குதளத்தைப் பதித்து விற்பவர்களிடமும் இதே கேள்விதான். லினக்ஸ் வருவது ஏஜிபிஎல்லுக்கு உறவான ஜிபிஎல் லைசென்ஸில். மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், ஜிபிஎல் நிரலை அடுத்தவர் கையில் கொடுத்த நிமிடமே கடமை தொடங்கிவிடுகிறது. 1991இல் வந்த ஜிபிஎல் 2ஆம் பதிப்பின்படி சோர்ஸ் கோடைக் கூடவே தர வேண்டும், அல்லது கேட்பவருக்குத் தருவதாகக் குறைந்தது 3 ஆண்டு செல்லும்படி எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுப்பது எளிது. மூன்றாம் வருடம் ஒருவர் கேட்கும்போது, அன்று நிறுவிய அதே பதிப்பின் சோர்ஸ் நம்மிடம் இருக்குமா? மூல ஆசிரியரின் தளம் அதற்குள் மாறியிருக்கலாம். நிறுவும் அன்றே அதை எடுத்து வைத்துவிடுங்கள்.

மீறினால் 2ஆம் பதிப்பில், அந்த நிரலை அடுத்தவருக்குத் தரும் உரிமை தானாகவே போய்விடும். 2007இல் வந்த 3ஆம் பதிப்பு கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது: முதல்முறை தவறியவர், நோட்டீஸ் வந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமை திரும்பக் கிடைக்கும்.

இன்னொரு பக்கம் தேவையில்லாத பயமும் உண்டு. ஜிபிஎல் நிரலுக்குக் காசு வாங்கலாம், தடையில்லை. தனியாக ஓடும் ஜிபிஎல் நிரலொன்று நம் மென்பொருளோடு ஒரே பென் டிரைவில் இருப்பதாலேயே நம் நிரல் ஜிபிஎல் ஆகிவிடாது. இரண்டையும் இணைத்து ஒரே நிரலாக்கும்போதுதான் சிக்கல்.

எம்ஐடி லைசென்ஸ் சுலபம். பதிப்புரிமை வரியையும் லைசென்ஸ் வாசகத்தையும் சேர்த்தால் போதும். அதைக்கூட அழித்துவிடுகிறோம், எழுதியவர் கேட்டதே அவ்வளவுதான். எடைச்சீட்டில் தமிழ் அச்சாக நோட்டோ எழுத்துருவைச் சேர்த்திருக்கிறேன். அதை மென்பொருளோடு விற்கலாம், தனியாக விற்கக் கூடாது. அதன் லைசென்ஸ் கோப்பும் இப்போது என் பென் டிரைவில் இருக்கிறது.