எண்ணுக்கு ஒரு ஆள்: மேப்பிள் லீஃப்ஸ் ஜெர்சி பட்டியல் போடுவது எப்படி?

டொராண்டோவில் ஸ்கோஷியாபேங்க் அரீனாவுக்குள் போய் அண்ணாந்து பார்த்தால் கூரையில் வரிசையாகப் பேனர்கள் தொங்கும். இனி யாருக்கும் தருவதில்லை என்று மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹாக்கி அணி எடுத்து வைத்துவிட்ட எண்கள் 13, அதற்குரிய ஆட்டக்காரர்கள் 19 பேர். கணக்கு இடிக்கிறதே என்று தோன்றும். 1, 4, 7, 9, 10, 27 என்ற ஆறு எண்களுக்கும் இரண்டிரண்டு பேர். யார் பெரியவர் என்று சொல்ல கிளப்புக்கே துணிச்சல் வரவில்லை, இரண்டு பேர் பேனரையும் மாட்டிவிட்டார்கள். நாம் செய்யப்போகிற வேலையில் அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு எண்ணுக்கும், இந்த அணியில் அதை அணிந்தவர்களிலேயே சிறந்த ஒரே ஒரு ஆளைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

போன குளிர்காலத்தில் எங்கள் கட்டடத்தில் ஒன்பது பேர் சேர்ந்து இதைச் செய்தோம். முதல் முயற்சி இரண்டாவது வாரத்திலேயே சண்டையில் முடிந்தது, காரணம் நான்தான், விதிமுறை எதுவும் இல்லாமல் ஆரம்பித்துவிட்டேன். இரண்டாவது முறை ஒழுங்காகப் போனது. நீங்கள் நேராக இரண்டாவது முறையிலிருந்தே தொடங்கலாம்.

ஹாக்கி என்றதும் தயான் சந்த் நினைவுக்கு வருகிறவர்களுக்கு ஒரு நிமிடம்: இது ஐஸ் ஹாக்கி. பனித்தரையில் ஸ்கேட் கட்டிக்கொண்டு ஆடுவது, பந்துக்குப் பதில் பக் என்கிற ரப்பர் வட்டு. கோல் அடித்தாலும் ஒரு பாயின்ட், கோலுக்கு வழிசெய்து கொடுத்தாலும் ஒரு பாயின்ட், அதற்குப் பெயர் அசிஸ்ட். சீசன் முடிவில் ஜெயிக்கிற அணிக்கு ஸ்டான்லி கோப்பை. லீஃப்ஸ் அதைக் கடைசியாக வென்றது 1967ல், அதைப் பற்றி இங்கே யாரிடமும் சிரித்துக்கொண்டே கேட்டுவிடாதீர்கள்.

படி 1: பெயர் பேசுவதற்கு முன்னால் விதி பேசுங்கள்

எங்கள் முதல் சண்டை 4ஆம் எண்ணில் வந்தது. ரெட் கெலி எட்டுக் கோப்பை வென்றவர், இதில் என்ன யோசனை என்றார் ஒருவர். எட்டில் நான்கு டெட்ராய்ட் அணிக்காக வென்றவை, டொராண்டோவில் நான்குதான். எதிரே நிற்பவர் ஹேப் டே. அவர் பயிற்சியாளராக ஐந்து கோப்பை வாங்கிக் கொடுத்தவர், ஆனால் ஆட்டக்காரராக ஒன்றுதான், 1932ல். பயிற்சியாளர் கோட்டுக்கு முதுகில் எண் கிடையாதே!

ஆக முதல் விதி, இந்த அணிக்காக, இந்த எண்ணை அணிந்துகொண்டு ஆடியது மட்டும்தான் கணக்கு. இதை ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள், பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். எங்கள் கணக்கில் 4 கெலிக்கே போனது, டொராண்டோவில் வென்ற அந்த நான்கு கோப்பைக்காக. 1962லிருந்து 1965 வரை அவர் கனடா நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்துகொண்டே ஆடினார் என்பது ஓட்டில் சேராது, ஆனால் டீ குடிக்கும்போது சொல்ல நல்ல கதை.

இரண்டாவது விதி, குறைந்தது இத்தனை சீசன் என்று ஒரு அளவு வைப்பதா வேண்டாமா. நாங்கள் முதலில் மூன்று சீசன் என்று வைத்தோம், அப்புறம் எடுத்துவிட்டோம். காரணம் 5ஆம் எண், பில் பரில்கோ. லீஃப்ஸில் மொத்தமே ஐந்து சீசன், அதில் நான்கு கோப்பை, ஆனால் முதலில் வேறு எண்கள் அணிந்தவர், 5ஐப் போட்டது மூன்று சீசன்கூட இல்லை. 1951 ஏப்ரல் 21 அன்று மான்ட்ரியாலுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் அவர் அடித்த கோலில்தான் கோப்பை கைக்கு வந்தது. அந்த ஆகஸ்டில் மீன்பிடிக்கப் போய்த் திரும்பும்போது விமானத்தோடு காணாமல் போனார். அடுத்த கோப்பை 1962ல்தான் கிடைத்தது, அது கிடைத்த சில வாரங்களில்தான் விமானத்தின் சிதைவும் கிடைத்தது. மூன்று சீசன் விதியை வைத்துக்கொண்டு இவரை வெளியே தள்ள ஒருவருக்கும் மனசு வரவில்லை.

படி 2: பெயர்களைத் திரட்டுங்கள்

ஞாபகத்தை நம்பாதீர்கள். ஹாக்கி ரெஃபரன்ஸ் தளத்தில் ஒவ்வொரு அணிக்கும் எண் வாரியாக யார் யார், எந்த ஆண்டு அணிந்தார்கள் என்ற பட்டியல் இருக்கிறது. அதிலிருந்து எண்ணுக்கு நான்கு பேருக்கு மேல் எடுக்காதீர்கள். பெயருக்குப் பக்கத்தில் ஆண்டுகள், ஆட்டங்கள், பாயின்ட், கோப்பை, அவ்வளவு போதும்.

சின்ன எண்களில் கூட்டம் அதிகமாக இருக்கும், பயந்துவிடாதீர்கள். ஆரம்ப காலத்தில் அணிகள் ரயிலில்தான் ஊர் ஊராகப் போகும், சின்ன எண் வைத்திருப்பவருக்குத்தான் லோயர் பெர்த். டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியின் கார்டி ஹோ 17ஐ விட்டு 9ஐ வாங்கிக்கொண்டதே அந்தக் கீழ்ப்படுக்கைக்காகத்தான். ராத்திரி ரயிலில் மேலே ஏறிப் படுத்தவர்களுக்கு இந்த நியாயம் புரியும்.

படி 3: போட்டியே இல்லாதவற்றை முதலில் முடியுங்கள்

இது முக்கியம். முதல் நாளே 7ஐ எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் இரண்டாம் நாள் வரமாட்டார்கள். 13 மாட்ஸ் சுண்டீன், இந்த அணிக்காக 987 பாயின்ட். 14 டேவ் கியோன், 2016ல் அணியின் நூறாவது ஆண்டுக்காக வந்த முதல் நூறு பேர் பட்டியலில் முதலிடம். 17 வெண்டல் கிளார்க். 21 போரியே சால்மிங், 1973ல் ஸ்வீடனிலிருந்து வந்த டிஃபென்ஸ்மேன், அதாவது தடுப்பாட்டக்காரர். 2022 நவம்பரில் நோய் முற்றி, பேச முடியாத நிலையில் அரங்கத்துக்கு வந்து நின்றார், இரண்டு வாரத்துக்குள் போய்விட்டார். 34 ஆஸ்டன் மாத்யூஸ், 2023–24 சீசனில் மட்டும் 69 கோல். கையைத் தூக்கி முடித்துவிடுங்கள்.

93 டக் கில்மர். இதை நான் சம்பிரதாயத்துக்காக ஓட்டுக்கு விட்டேன். எங்கள் மாடியில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன், 1993ல் இங்கே வந்து இறங்கிய புதிதில் கில்மர் ஆட்டத்தைப் பார்த்தவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "93ஐ வோட்டுக்கு விடாதையும் தம்பி, அது முடிஞ்ச கதை." சரிதான், 1992–93 சீசனில் 127 பாயின்ட் எடுத்தவரை என்ன செய்வது.

படி 4: ஓட்டு முறை

இங்கேதான் புதிதாகச் செய்பவர்கள் தப்பு செய்வார்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு என்று வைத்தால் இரண்டு பேர் போட்டியில் சரி, மூன்று பேர் வந்துவிட்டால் கெட்டது. 7ஆம் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கிங் கிளான்சி, 1930ல் ஆட்டவாவிடமிருந்து 35,000 டாலரும் இரண்டு ஆட்டக்காரர்களும் கொடுத்து வாங்கியவர். டிம் ஹார்ட்டன், நான்கு கோப்பை வென்ற டிஃபென்ஸ்மேன், தினம் காலையில் நீங்கள் வாங்குகிற காபிக் கோப்பையில் இருப்பதும் அவர் பெயர்தான், 1964ல் ஹாமில்டனில் முதல் கடை. லானி மெக்டொனால்ட், பெரிய மீசைக்காரர், 1978ல் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணிக்கு எதிரான தொடரை முடிவுசெய்த ஏழாவது ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் கோல் போட்டவர். மேக்ஸ் பென்ட்லி, கேரி ராபர்ட்ஸ் எல்லாம் இன்னொரு பக்கம்.

ஒன்பது பேரில் நான்கு பேர் மெக்டொனால்டு, மூன்று பேர் ஹார்ட்டன், இரண்டு பேர் கிளான்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை ஓட்டில் மெக்டொனால்ட் ஜெயிக்கிறார், ஆனால் மற்ற ஐந்து பேருக்கும் அவர் மூன்றாவது ஆள்தான். அதனால் முதலிடத்துக்கு 3, இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 1 என்று போடச் சொல்லுங்கள். மெக்டொனால்டு கட்சியும் கிளான்சி கட்சியும் ஹார்ட்டனை இரண்டாவதாக வைத்தால் ஹார்ட்டனுக்கு 21, மெக்டொனால்டுக்கு 17, கிளான்சிக்கு 16. யாருக்கும் ரொம்பக் கோபம் வராத ஆள் ஜெயிப்பார். அது நல்லதா என்று கேட்டால், குளிர்காலம் முழுக்க ஒரே லிஃப்ட்டில் போய்வர வேண்டியவர்களுக்கு நல்லதுதான்.

ஓட்டை எழுதி வாங்குங்கள், வாய்விட்டுச் சொல்ல விடாதீர்கள். வயதில் பெரியவர் முதலில் சொல்லிவிட்டால் சின்னப் பையன்கள் அதையே சொல்லிவிட்டு அப்புறம் வெளியே போய் முணுமுணுப்பார்கள்.

படி 5: கஷ்டமான எண்களுக்குத் தனி நாள் ஒதுக்குங்கள்

27க்கு ஒரு மாலை முழுக்கப் போனது. ஃபிராங்க் மஹோவ்லிச் நான்கு கோப்பை, 1960–61ல் 48 கோல். டாரில் சிட்லர் கோப்பை ஒன்றுகூட இல்லை, ஆனால் லீஃப்ஸுக்காக 916 பாயின்ட், மஹோவ்லிச்சுக்கு 597. அது போக 1976 பிப்ரவரி 7 அன்று பாஸ்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஆறு கோல், நாலு அசிஸ்ட், பத்துப் பாயின்ட், லீகில் இன்று வரை யாரும் தொடவில்லை. கோப்பை அணியுடையது, பாயின்ட் ஆளுடையது என்று ஒரு பக்கம், கோப்பைக்கு ஆடாமல் வேறு எதற்கு ஆடுகிறான் என்று இன்னொரு பக்கம். நான் சிட்லருக்குப் போட்டேன். பாயின்டுக்காக இல்லை. 1979 டிசம்பரில் நிர்வாகம் அவருடைய கூட்டாளி மெக்டொனால்டை விற்றபோது, கேப்டனுக்கான சி எழுத்தைத் தன் ஜெர்சியிலிருந்து பிய்த்து எடுத்தார் அந்த மனிதர். எண்ணைப் பற்றிப் பேசும்போது ஜெர்சியோடு அவருக்கு இருந்த உறவையும் பார்க்க வேண்டாமா? இது நம் விதியில் எங்கேயும் இல்லை என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். உண்மைதான், இல்லை.

அந்த வியாபாரத்தில் மெக்டொனால்டுக்குப் பதிலாக வந்தவர்களில் ஒருவர் வில்ஃப் பேமென்ட். பெயரைத் தமிழில் எழுதினால் கரண்ட் பில் கட்டுகிற மாதிரி இருக்கிறது, மன்னிக்கவும். அவர் இங்கே போட்ட எண் 99. ஆமாம், 99 என்றால் உலகத்துக்கே வேய்ன் கிரெட்ஸ்கிதான், 2000ல் லீக் முழுவதுமே அந்த எண்ணை யாருக்கும் இல்லாமல் ஆக்கிவிட்டது. ஆனால் நம் விதிப்படி லீஃப்ஸின் 99 பேமென்ட், 1980–81ல் 97 பாயின்ட். புதிதாக வருகிறவர்கள் கிரெட்ஸ்கி என்று எழுதிக் கொடுப்பார்கள், சிரிக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

6 வேறு மாதிரியான சிக்கல். ஏஸ் பெய்லி, 1928–29ல் லீகிலேயே அதிக பாயின்ட் எடுத்தவர். 1933 டிசம்பரில் பாஸ்டனின் எடி ஷோர் பின்னாலிருந்து மோதித் தள்ளியதில் தலை பனித்தரையில் அடித்து, சாவின் விளிம்புவரை போய்ப் பிழைத்தார், ஆட்டம் அதோடு முடிந்தது. 1934 பிப்ரவரியில் அவருக்காக நடத்திய நிதி ஆட்டத்தில் ஷோருக்கே கைகொடுத்தார். அந்த ஜெர்சியை இனி யாரும் போடக்கூடாது என்று எடுத்து வைத்தார்கள், லீகில் அப்படி எடுத்து வைத்த முதல் எண் இதுதான். பிறகு 1968ல் ரான் எல்லிஸ் ஆட்டம் பிடித்துப்போய், நீ போட்டுக்கொள் என்று பெய்லியே கொடுத்தார். எல்லிஸ் லீஃப்ஸுக்காக ஆயிரம் ஆட்டத்துக்கு மேல் ஆடி 332 கோல் போட்டவர், ஓய்வு பெறும்வரை 6தான். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் எல்லிஸ். இரவல் வாங்கியவரை உடைமைக்காரருக்கு மேலே வைப்பதா என்று கேட்டார் அண்ணன். ஐந்துக்கு நாலு, பெய்லி.

படி 6: இப்போது ஆடுகிறவர்களைப் பென்சிலில் எழுதுங்கள்

எண் மாறும், ஆளும் மாறுவார். வில்லியம் நைலாண்டர் 29 போட்டிருந்தார், 2019ல் 88க்குப் போனார். நம் விதிப்படி அவரை 88க்கு வைத்துக்கொள்ளலாம், 29ல் ஃபெலிக்ஸ் பொட்வினும் மைக் பால்மடீரும் மோதிக்கொள்ளட்டும்.

மீதம் இருப்பது 16ஆம் எண். எட் ஓல்சிக், டார்சி டக்கர், மிட்ச் மார்னர். 700 பாயின்டுக்கு மேல் எடுத்த மார்னருக்குப் பக்கத்தில் மற்ற இரண்டு பேரும் வரவே முடியாது. ஆனால் 2025 கோடையில் அவர் வேகாஸ் அணிக்குப் போய்விட்டார், எங்கள் ஆட்களுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, ஒன்பது சீட்டில் நாலு வெற்றுச் சீட்டாக வந்தது. அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுப் பட்டியலைக் கீழே சலவை அறைக் கதவில் ஒட்டினோம். போன வாரம் பார்த்தேன், யாரோ அதில் டக்கர் என்று எழுதியிருக்கிறார்கள், பேனாவால்.