தொழில் செய்துகொண்டே எம்.எல்.ஏ. ஆகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

எம்.எல்.ஏ. ஆனால் தொழிலை விட்டுவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மில், பஸ், கல்யாண மண்டபம், எதை வேண்டுமானாலும் நடத்தலாம். மாநில அரசே நம்மிடம் வேலை கொடுக்கும்போதுதான் வில்லங்கம்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 9ஏ பிரிவு பிடிப்பது இதைத்தான். மாநில அரசுக்குச் சரக்கு தரவோ, அதன் வேலையை எடுத்துச் செய்யவோ போட்ட ஒப்பந்தம் நடப்பில் இருந்தால் தகுதி போய்விடும். காண்டிராக்டர்கள் பெரும்பாலும் இடறுவது தேதியில். ஜெயித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். ஆனால் வேட்புமனுப் பரிசீலனை நாளன்றே அதைப் பார்ப்பார்கள். அன்றைக்குப் பாலத்தில் கைப்பிடிச் சுவர் பாக்கி என்றால் ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். நம் பக்கத்து வேலை முழுக்க முடிந்து, பில் பணம் மட்டும் வராமல் இருந்தால் பயமில்லை; அதைச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. (பில் பாக்கி இல்லாத காண்டிராக்டர் ஏது!) வேலை முடித்துக்கொடுத்ததற்கான சான்றிதழைத் தேதியோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மனைவி பேருக்கு மாற்றிவிட்டால்? 9ஏ பிரிவு, உறுப்பினரின் சொந்த ஒப்பந்தத்தைப் பற்றித்தான் பேசுகிறது. ஆனால் 2018-இல் உச்ச நீதிமன்றம் லோக் பிரஹரி வழக்கில் தீர்ப்பளித்த பிறகு, மனைவி, சார்ந்திருப்போர், பங்கு உள்ள நிறுவனங்கள் அரசோடு போட்ட ஒப்பந்தங்களையும் வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரத்தில் எழுத வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

"வாரியத் தலைவர் பதவிதானே, சம்பளம் வாங்கவில்லையே" என்பது இன்னொரு தப்புக் கணக்கு. அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவியில் இருந்தாலும் தகுதி போய்விடும். ஜெயா பச்சன் 2006-இல் மாநிலங்களவைப் பதவியை இழந்தது அப்படித்தான். வாங்கினாரா என்று நீதிமன்றம் பார்க்கவில்லை, வாங்க உரிமை இருந்ததா என்றுதான் பார்த்தது. எம்.எல்.ஏ.க்களுக்கும் அரசியல் சட்டத்தில் அதே விதிதான்.

எனக்குப் பெரிய தவறாகப் படுவது, சட்டம் அனுமதிக்கிறது என்ற தைரியத்தில் இறங்குவது. சுரங்கக் குத்தகை 9ஏ-க்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2001-இலேயே சொல்லியிருந்தது. அப்படியும் ஜார்க்கண்ட் முதல்வர் ஹேமந்த் சோரன், சுரங்கத் துறையைத் தானே வைத்துக்கொண்டு தன் பேரில் கல்குவாரிக் குத்தகை பெற்றது 2022-இல் தேர்தல் ஆணையம் வரை போனது. குத்தகையைத் திருப்பிக் கொடுத்தும் புகார் ஓயவில்லை. அவரைத் தகுதி நீக்கலாமா என்று ஆணையம் ஆளுநருக்கு அனுப்பிய கருத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே மாதங்கள் ஓடின. கட்சி உடைந்துவிடுமோ என்ற பயத்தில் ஆளும் கூட்டணி எம்.எல்.ஏ.க்களை ராய்ப்பூரில் ஒரு விடுதியில் கொண்டுபோய் வைத்தார்கள். இத்தனைக்கும் அந்தக் குவாரி 0.88 ஏக்கர்.