57 பேர் ஆதரித்தும் தோற்ற வாக்கெடுப்பு: அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு முட்டுக்கட்டையைப் படிக்கும் முறை

2022 ஆகஸ்ட் 7, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்க செனட் சபையில் இன்சுலினைப் பற்றி ஒரு வாக்கெடுப்பு நடந்தது. தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள் இன்சுலினுக்காகத் தம் கையிலிருந்து கொடுக்கும் தொகை மாதத்துக்கு 35 டாலரைத் தாண்டக்கூடாது என்ற பிரிவு மசோதாவில் நீடிக்கலாமா என்பதே கேள்வி. ஆதரித்தவர்கள் 57 பேர், எதிர்த்தவர்கள் 43 பேர். இருந்தும் அந்தப் பிரிவு தோற்றது, ஏனென்றால் அந்தக் கட்டத்தில் தேவைப்பட்டது 60. அரசின் மெடிகேர் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கும் முதியவர்களுக்கான 35 டாலர் வரம்பு மட்டும் அதே மசோதாவில் தப்பி, 2023இல் நடைமுறைக்கு வந்தது.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் சர்க்கரை நோய் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே இந்தச் செய்தி பலரையும் சுட்டது. "மக்களுக்கு விவரம் போதாது" என்று சிலரும், "அரசியல்வாதிகள் எல்லோரும் ஒன்றுதான்" என்று சிலரும் சொல்லி மனம் வெறுத்து ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. நானும் அதைச் சுமப்பவன்தான். ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களும் எதையும் விளக்குவதில்லை. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடம் பிடிப்பவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் தேர் ஏன் நின்றது என்று தெரியாது. எந்தச் சக்கரத்தின் அடியில் யார் கட்டை கொடுத்திருக்கிறார்கள் என்று குனிந்து பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும் முறையைத்தான், கருத்துக்கணிப்பிலிருந்து தொடங்கி, இங்கே எழுதுகிறேன்.

கருத்துக்கணிப்பைப் படிக்கும்போது

சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன் கேள்வியின் வாசகத்தைப் படியுங்கள். 2013 செப்டம்பரில் சி.என்.பி.சி. தொலைக்காட்சி நடத்திய கணிப்பில், பாதிப் பேரிடம் "ஒபாமாகேர்" என்ற பெயரிலும் மீதிப் பேரிடம் "அஃபோர்டபிள் கேர் ஆக்ட்" என்ற பெயரிலும் கருத்துக் கேட்டார்கள். இரண்டும் அதிபர் ஒபாமா காலத்தில் நிறைவேறிய ஒரே மருத்துவக் காப்பீட்டுச் சட்டம். முதல் பெயரை எதிர்த்தவர்கள் 46%, இரண்டாவது பெயரை எதிர்த்தவர்கள் 37%. ஆதரவும் முதல் பெயருக்கே சற்று அதிகம், ஏனென்றால் இரண்டாவது பெயரைக் கேட்டவர்களில் பத்தில் மூன்று பேருக்கு அது என்னவென்றே தெரியவில்லை. ஒபாமா என்ற பெயர் ஆதரவாளர்களையும் எதிர்ப்பாளர்களையும் ஒருசேர எழுப்பிவிட்டது. சட்டத்தைப் பற்றிய கருத்து என்று நாம் நினைத்ததில் ஒரு பங்கு மனிதரைப் பற்றிய கருத்து.

அடுத்து, கேள்வியில் விலை சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு 2019 ஜனவரியில் கைசர் குடும்ப அறக்கட்டளை நடத்திய கணிப்பை விடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் மெடிகேர் போன்ற ஒரே தேசியத் திட்டம் வேண்டுமா என்று கேட்டபோது 56% பேர் ஆம் என்றார்கள். காப்பீடு ஒவ்வொருவருக்கும் உரிமையாகும் என்று சொன்னதும் ஆதரவு 71% ஆக உயர்ந்தது. தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் இல்லாமல் போகும் என்றோ, பெரும்பாலோர் கூடுதல் வரி கட்ட வேண்டும் என்றோ சொன்னதும் 37% ஆக இறங்கியது. சிகிச்சைக்குக் காத்திருக்க நேரிடலாம் என்று சொன்னபோது 26% தான் மிஞ்சியது. இவை எல்லாம் ஒரே கணிப்பில், ஒரே மக்களிடம் கிடைத்த பதில்கள். ஆகவே "நாட்டில் பாதிக்கு மேல் ஆதரவு" என்று யாராவது எழுதினால், எந்த வாசகத்துக்கு முன், எந்த வாசகத்துக்குப் பின் என்று கேட்க வேண்டும். எதிர்த்தரப்பு விளம்பரத்துக்குப் பணம் செலவழிக்கத் தொடங்கும் நாளில் மக்கள் காதில் விழப்போவது விலையைச் சொல்லும் வாசகம்தான்.

மக்கள் மனம் இப்படி ஊசலாடுவதை அறியாமை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அமெரிக்காவில் 15 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை வழியாகத்தான் காப்பீடு கிடைக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், கூலி உயர்வுக்கு அரசு கட்டுப்பாடு விதித்தபோது, சம்பளத்தைக் கூட்ட முடியாத முதலாளிகள் காப்பீட்டைக் கொடுத்து ஆட்களை ஈர்த்தார்கள்; 1954 வருமான வரிச் சட்டம் அதற்கு நிலையான வரிவிலக்கு கொடுத்தது. ஒரு போர்க்கால ஏற்பாடு அப்படியே ஒரு நாட்டின் அமைப்பாக இறுகிவிட்டது. 2024இல் ஒரு குடும்பத்துக்கான அலுவலகக் காப்பீட்டின் சராசரி ஆண்டு பிரீமியம் 25,572 டாலர். அதில் ஊழியர் தம் சம்பளத்திலிருந்து கொடுத்தது 6,296 டாலர். மிச்சத்தை நிறுவனம் கட்டுவதால், அதுவும் தம் உழைப்பின் பகுதிதான் என்பது பலர் கண்ணில் படுவதில்லை. கையில் இருப்பதை இழந்துவிடுவோமோ என்ற அச்சம் இங்கிருந்து பிறக்கிறது. 1993இல் கிளின்டன் அரசு பெரிய திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தபோது, காப்பீட்டு நிறுவனங்களின் சங்கம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கவலைப்படும் ஹாரி, லூயிஸ் என்ற கணவன் மனைவியை வைத்துத் தொலைக்காட்சி விளம்பரம் எடுத்தது. அந்த விளம்பரம் இந்த அச்சத்தைத் தொட்டது. 1994 செப்டம்பரில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

காலத்தையும் பாருங்கள். 2010இல் நிறைவேறிய ஒபாமாகேர் சட்டம் பல ஆண்டுகள் பெரும்பான்மை ஆதரவு இல்லாமலே இருந்தது. 2017இல் அதை நீக்க முயன்றபோதுதான் ஆதரவு எதிர்ப்பைத் தாண்டி உயர்ந்தது. இழக்கும் அச்சம் இந்த முறை சட்டத்துக்குக் காவலாக நின்றது.

கட்டை எங்கே கிடக்கிறது

ஒரு மசோதா நின்றுவிட்டது என்ற செய்தியைக் கேட்டால், எந்த வாசலில் நின்றது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிரதிநிதிகள் சபையா, செனட்டா, அதிபரின் மேசையா, உச்ச நீதிமன்றமா, மாநில அரசா? இந்தப் பழக்கம் ஒன்றே பாதி மனச்சோர்வைத் தீர்க்கும் என்பது என் அனுபவம்.

செனட் வாசல்தான் மிகவும் இறுக்கமானது. மக்கள்தொகை நாலு கோடியை நெருங்கும் கலிஃபோர்னியாவுக்கும் ஆறு லட்சத்துக்கும் குறைந்த வயோமிங்குக்கும் அங்கே இரண்டிரண்டு உறுப்பினர்கள். அதற்கு மேல், விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 60 பேர் வேண்டும். இந்த எண்ணிக்கை அரசியல் சாசனத்தில் இல்லை. செனட் 1975இல் தனக்குத்தானே திருத்திக்கொண்ட விதி. 2009இல் ஜனநாயகக் கட்சியின் பக்கம் மிகச் சரியாக 60 பேர் இருந்தார்கள். ஆகவே ஒவ்வொருவர் கையிலும் ஒரு கட்டை இருந்தது. அரசே நடத்தும் காப்பீட்டையும் ஒரு தேர்வாகக் கொடுக்கும் பிரிவுக்குக் கருத்துக்கணிப்புகளில் பெரும்பான்மை ஆதரவு இருந்தும், அந்த 60 பேரில் ஜோ லீபர்மன் ஒருவர் மறுத்ததால் அதை எடுத்துவிட்டுத்தான் டிசம்பர் 24 அன்று 60-39 என்ற கணக்கில் ஒபாமாகேர் மசோதாவை நிறைவேற்ற முடிந்தது.

60 இல்லாதபோது ஒரு பக்கவாசல் உண்டு. ரிகன்சிலியேஷன் எனப்படும் வரவுசெலவு நடைமுறையில் 51 வாக்குகள் போதும், ஆனால் அரசின் வரவையோ செலவையோ நேரடியாகத் தொடும் பிரிவுகள் மட்டுமே அதன் வழியே நுழைய முடியும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் அண்மைக் காலச் செய்திகள் பலவும் தெளிவாகும். 35 டாலர் வரம்பில் மெடிகேர் பகுதி பிழைத்ததற்கும் தனியார் காப்பீட்டுப் பகுதி விழுந்ததற்கும் காரணம் இதுதான்: முன்னது அரசு தரும் பணம், பின்னது தனியார் நிறுவனங்களுக்கான விதி. இதிலே எனக்கு மிகவும் வருத்தம் தரும் சாய்வு ஒன்றும் இருக்கிறது. காப்பீட்டு விதியைச் சீராக்க 60 வேண்டும். ஏழைகளுக்கான மெடிகெய்டு நிதியைக் குறைக்க 51 போதும். 2025 ஜூலையில் துணை அதிபரின் வாக்கோடு 51-50 என்று செனட்டில் நிறைவேறிய வரவுசெலவுச் சட்டம் அப்படித்தான் மெடிகெய்டு பெறுபவர்களில் பலருக்கு வேலை நிபந்தனையைக் கொண்டுவந்தது. முட்டுக்கட்டை என்ற சொல் இரண்டு பக்கமும் சமமாக நிற்பதுபோன்ற தோற்றத்தைத் தருவதால், அதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் இந்தச் சாய்வை நினைவில் வைக்க வேண்டும்.

51 கூடக் கிடைக்காத நாளும் உண்டு. 2017 ஜூலை 28 அதிகாலையில் ஒபாமாகேரின் பகுதிகளை நீக்கும் மசோதா 49-51 என்று விழுந்தது. மசோதாவைக் கொண்டுவந்த குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஜான் மெக்கெயினே கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டிய அந்தக் காட்சியைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், ஆனால் அதே கட்சியின் சூசன் காலின்ஸ், லிசா மர்கவ்ஸ்கி ஆகிய இருவரின் வாக்கும் இல்லாமல் அது விழுந்திருக்காது. 2025இல் நடந்தது வேறு விதம். வேலை வழியாக அல்லாமல் தாமே காப்பீடு வாங்குபவர்களுக்கான ஒபாமாகேர் சந்தையில் பிரீமியத்தைக் குறைத்த கூடுதல் மானியம் அந்த ஆண்டின் இறுதியில் காலாவதியாக இருந்தது. அதை முன்வைத்து அக்டோபர் 1 முதல் 43 நாள் அரசே முடங்கியது. டிசம்பரில் மானியத்தை நீட்டிக்கும் மசோதா செனட்டில் 51-48 என்று பெரும்பான்மை பெற்றும் 60ஐ எட்டாமல் நின்றது.

மாநில வாசல்

இங்கேதான் நம்பிக்கை வைக்க இடம் இருக்கிறது. 2012 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம், ஒபாமாகேர் சட்டப்படி மெடிகெய்டை மேலும் பல ஏழைகளுக்குக் கொடுக்கும் விரிவாக்கத்தை ஏற்பதா மறுப்பதா என்பதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. சட்டசபையோ ஆளுநரோ மறுத்த சில மாநிலங்களில் மக்கள் கையெழுத்துத் திரட்டி, கேள்வியை நேரடியாக வாக்குச்சீட்டில் ஏற்றினார்கள். 2017இல் மேய்ன், 2018இல் ஐடஹோ, நெப்ராஸ்கா, யூட்டா, 2020இல் ஓக்லஹோமா, மிசௌரி, 2022இல் தெற்கு டகோட்டா என்று ஏழு மாநிலங்களில் வென்றார்கள். அவற்றில் பெரும்பாலானவை அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சிக்குத் தவறாமல் வாக்களிப்பவை. கட்சியின் பெயர் இல்லாமல் கேள்வி வந்தபோது அதே வாக்காளர் வேறு பதில் சொன்னார்.

வென்ற பிறகும் கட்டை விழலாம் என்பதையும் அறிந்திருங்கள். மேய்ன் ஆளுநர் மக்கள் தீர்ப்பை நடைமுறைப்படுத்த மறுத்தார். 2019 ஜனவரியில் அடுத்த ஆளுநர் பதவியேற்ற பிறகுதான் அது நடந்தது. மிசௌரி சட்டசபை நிதி ஒதுக்க மறுக்க, மாநில உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. தெற்கு டகோட்டாவில் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு 60% வாக்கு வேண்டும் என்று முன்கூட்டியே விதியை மாற்றப் பார்த்தார்கள். அந்த முயற்சியை மக்களே 2022 ஜூனில் தோற்கடித்தார்கள்.

தமிழர்கள் அதிகம் வாழும் டெக்சாஸிலும் ஜார்ஜியாவிலும் இந்த வாசலே கிடையாது. அங்கே பொதுமக்கள் கையெழுத்துத் திரட்டிச் சட்டத்தை மாநில வாக்குச்சீட்டில் ஏற்ற வழி இல்லாததால், மாநிலச் சட்டசபைத் தேர்தலே ஒரே வழி. டாலஸிலும் அட்லாண்டாவிலும் குடியுரிமை பெற்ற நண்பர்கள் பலர் அதிபர் தேர்தலில் மட்டும் வாக்களித்துவிட்டு, தம் மாநிலச் சட்டசபை உறுப்பினரின் பெயர்கூடத் தெரியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயரைத் தெரிந்துகொள்வதிலிருந்து தொடங்குங்கள்.

உங்களால் செய்யக்கூடியது

விசாவில் இருப்பவர்களுக்கு வாக்குரிமை இல்லை, தேர்தல் நன்கொடை கொடுப்பதும் சட்டப்படி கூடாது. ஆனால் மத்திய அரசுத் துறைகள் புதிய விதிகளை வரைவாக வெளியிடும்போது கருத்துச் சொல்ல எவருக்கும் உரிமை உண்டு, குடியுரிமை கேட்கப்படுவதில்லை. துறை தன் இறுதி விதியில் முக்கியமான கருத்துகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே வரைவின் எந்தப் பிரிவு, அது உங்கள் வீட்டில் எந்த மருந்துக்கு எவ்வளவு செலவை உண்டாக்குகிறது என்று எழுதுங்கள். ஒரே வாசகத்தை நூறு பேர் நகலெடுத்து அனுப்புவதை விட, பில்லையும் மருந்தின் பெயரையும் குறிப்பிட்டு ஒருவர் சொந்தமாக எழுதுவது கனமானது.

கோபத்தோடு யாருக்காவது எழுத உட்காருவதற்கு முன், அலுவலக ஹெச்.ஆர். பிரிவுக்கு ஒரு கேள்வி அனுப்புங்கள்: "நம் காப்பீடு, நிறுவனமே பணம் போட்டு நடத்தும் செல்ஃப்-ஃபண்டட் திட்டமா, காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கியதா?" அட்டையில் பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருப்பதை வைத்து இதைச் சொல்லிவிட முடியாது, பல இடங்களில் அந்த நிறுவனம் கணக்கு வழக்கை மட்டுமே பார்க்கிறது. அலுவலகக் காப்பீடு பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் செல்ஃப்-ஃபண்டட் திட்டத்தில்தான் இருக்கிறார்கள். 1974ஆம் ஆண்டின் எரிசா என்ற மத்திய அரசுச் சட்டப்படி மாநிலக் காப்பீட்டுச் சட்டங்கள் இவற்றைக் கட்டுப்படுத்தாது. கொலராடோ 2019இல் தொடங்கிவைத்து, பிறகு இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இயற்றிய, இன்சுலினுக்குக் கையிலிருந்து கொடுக்கும் தொகைக்கான வரம்பு, பெரிய ஐ.டி. நிறுவனத்தில் வேலை செய்யும் ஒருவருக்குக் கிடைக்காமல் போவது இதனால்தான்.

காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கிய திட்டம் என்று பதில் வந்தால், உங்கள் கடிதம் மாநிலச் சட்டசபை உறுப்பினருக்கும் மாநிலக் காப்பீட்டுத் துறைக்கும் போக வேண்டும். செல்ஃப்-ஃபண்டட் என்று வந்தால், சட்டத்தை மாற்றக்கூடியவர் உங்கள் காங்கிரஸ் உறுப்பினர். சட்டம் மாறும்வரை காத்திராமல் அந்த வரம்பைத் தானாகவே கொடுக்கக்கூடியவர் உங்கள் முதலாளி. இலையுதிர் காலத்தில் காப்பீட்டுத் தேர்வு தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே, அடுத்த ஆண்டுக்கான திட்டத்தை நிறுவனம் முடிவு செய்துவிடும். ஆகவே கோடையிலேயே, அலுவலகத்தில் இன்சுலின் வாங்கும் நாலைந்து பேராகச் சேர்ந்து கேளுங்கள்.