வெயில் காலப் பூச்செடி வாங்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்

எங்கள் வீடு திருச்சி உறையூரில். மொட்டை மாடியில் நிழல் என்று சொல்லிக்கொள்ளத் தண்ணீர்த் தொட்டியின் நிழல்தான் உண்டு. மூன்று வருடத்துக்கு முன், பக்கத்து வீட்டு அக்கா நாலு நிறத்தில் டேபிள் ரோஸ் தண்டு கிள்ளிக் கொடுத்தார். நட்டதெல்லாம் வேர் பிடித்துத் தொட்டி நிறைய மொட்டு. நான் எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பும்போது ஒன்றும் விரிந்திருக்காது. மாலை ஆறரைக்கு வந்தால் எல்லாம் சுருங்கிக் கிடக்கும். "இன்னைக்கு என்னமா பூத்திருந்துச்சு தெரியுமா?" என்று மனைவி தினமும் சொல்வாள். பத்து மணிப் பூ என்று அதற்குச் சும்மாவா பேர் வைத்தார்கள்!

அதனால் பூ வாங்க யார் யோசனை கேட்டாலும் நான் முதலில் கேட்பது, "நீங்க எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பீங்க?" என்றுதான். இரண்டாவது கேள்வி, வெயில் எத்தனை மணிக்கு உங்கள் இடத்துக்கு வருகிறது, எப்போது போகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு, பதினொன்று, இரண்டு, நாலு மணிக்கு மாடிக்குப் போய் நிழல் விழும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஆனால் மாசியில் போட்ட கோட்டை வைகாசிக்கு நம்பாதீர்கள். மாசியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், தெற்குக் கைப்பிடிச் சுவர் கொஞ்சம் நிழல் தரும். சித்திரை முதல் வாரத்தில் எங்கள் ஊரில் நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்துவிடும், அப்புறம் வடக்கே நகரும். அந்தச் சுவரோரம் பத்திரமாக இருந்த என் இட்லிப்பூ ஒரு வருடம் கருகியது அப்படித்தான்.

நாள் முழுக்க வெயில் அடிக்கும் இடமா? ஜினியா, வாடாமல்லி, கோழிக்கொண்டை மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம். ஜினியா விதையைத் தை கடைசியில் போட்டால் ஒரு வாரத்தில் முளைக்கும், இரண்டு மாதத்தில் ஆரஞ்சும் சிவப்பும் ரோஸுமாகப் பூக்கும். தண்ணீரை வேரில் மட்டும் ஊற்றுங்கள், இலை நனைந்துகொண்டே இருந்தால் நோய் வந்துவிடும். வாடாமல்லியின் நிறத்தைப் புடவைக் கடைக்குப் போன யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதைத் தனியாக வைப்பதைவிட ஆரஞ்சு ஜினியா பக்கத்தில் வைத்தால்தான் எடுப்பு. வெள்ளைப் பூக்கள் நடுப்பகலில் கண் கூச்சத்தில் காணாமல் போகும், அவற்றைச் சாயங்காலம் உட்காரும் பக்கம் தள்ளுங்கள்.

காகிதப்பூவைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும். வாங்கிய முதல் கோடையில் தினம் இரண்டு வேளை தண்ணீரும் தாராளமாகத் தொழு உரமும் கொடுத்தேன். முருங்கைபோல ஓங்கி வளர்ந்தது, ஒரு பூ இல்லை. அடுத்த வருடம் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து, மேல் மண் இரண்டு விரற்கடை காய்ந்து இலை லேசாகத் தொங்கும்வரை தண்ணீர் காட்டாமல் விட்டேன். மூன்று வாரத்தில் நுனியெல்லாம் ரத்தச் சிவப்பு. நாம் பூ என்று பார்ப்பது நிறம் மாறிய இலைதான், நிஜப் பூ அதற்குள்ளே வெள்ளையாகச் சின்னக் குழாய்போல இருக்கும். இலை என்பதால்தான் அவ்வளவு நாள் உதிராமல் நிற்கிறது.

காலை வெயில் மட்டும் வரும் கிழக்குப் பக்கம் என்றால் செம்பருத்தியும் இட்லிப்பூவும். செம்பருத்திக்கு மாவுப்பூச்சிதான் தொல்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து வெயில் தாழ்ந்தபின் அடியுங்கள். உப்புத் தண்ணீர் போர் என்றால் இட்லிப்பூ இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அது அதிகமும் இரும்புச்சத்து ஏறாததால் வருவது. அப்படிப்பட்ட வீட்டில் நித்தியகல்யாணிக்கு மாறிவிடுவது புத்திசாலித்தனம், தண்ணீர் தேங்காமல் இருந்தால் போதும். அரளியும் நன்றாகவே தாங்கும். ஆனால் அது விஷம், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் நான் வைக்கச் சொல்ல மாட்டேன்.

என்னைப்போல இருட்டும் நேரத்தில் வீடு திரும்புகிறவர்களுக்கு அந்திமந்தாரை. நர்சரியில் தேடவே வேண்டாம், யார் வீட்டு வேலியோரத்திலாவது மிளகுபோலக் கறுப்பு விதை உதிர்ந்து கிடக்கும். நாலு, ஐந்து மணிக்கு விரியும், மணக்கும், காலையில் வாடும். ஒரே செடியில் மஞ்சளும் ரோஸும் பூக்கும், இரண்டும் தெளித்தாற்போல ஒரு பூவும் வரும். கூடவே ஒரு மல்லிகை. அதற்கு நல்ல வெயில் வேண்டும், கார்த்திகையில் கவாத்து செய்திருந்தால் பங்குனியிலிருந்து மொட்டு வைக்கும்.

நர்சரிக்குப் போனால் தை மாதத்துப் பூவைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு தடவை பெட்டூனியாவும் டேலியாவும் ஆறு தொட்டி வாங்கினேன். "வருஷம் பூரா பூக்கும் சார்" என்றார் கடைக்காரர். பங்குனி பிறக்கும் முன் ஆறும் போயின. அவை குளிருக்கான செடிகள். பூத்துக் குலுங்கும் செடியைவிட மொட்டுள்ள குட்டைச் செடியை எடுங்கள், இலையைத் திருப்பி அடியில் பூச்சி பாருங்கள். பச்சை வலைக்குக் கீழே நின்ற செடியென்றால், வீட்டுக்கு வந்ததும் நேரே வெயிலில் வைக்காமல் ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

கறுப்புத் தொட்டி வேண்டாம், வேர் வெந்துவிடும். இருப்பதையே தூக்கிப்போட மனசில்லை என்றால் வெளியே வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். மண்ணின் மேல் தேங்காய் மட்டையோ சருகோ பரப்பி, விடிந்ததும் தண்ணீர் ஊற்றுங்கள். அக்னி நட்சத்திரத்தில் காகிதப்பூ தவிர மற்றதற்கெல்லாம் சாயங்காலமும் ஒரு தரம்.

டேபிள் ரோஸை நான் பிடுங்கவில்லை. அது இப்போது மனைவியின் கணக்கு. பதினொரு மணி வாக்கில் வாட்ஸ்அப்பில் போட்டோ வந்துவிடும்.