படகில் மேலதிக டீசலை நெடுநாள் வைத்திருப்போருக்கு

2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டுக்குப் பின்னர், முல்லைத்தீவுக் கரையோரத்தில் உள்ளிணைப்பு இயந்திரப் படகு (இயந்திரம் உள்ளேயே பொருத்தப்பட்ட படகு) வைத்திருப்போர் பலர் ஓரிரு கான் டீசலை எப்போதும் கையிருப்பில் வைத்துக்கொள்ள விரும்புகின்றனர். அது நியாயமான முன்னெச்சரிக்கையே. ஆனால், வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் படகு வாரக்கணக்கில் கரையில் நிற்கும்போது, டீசலைக் கெடுப்பது பெரும்பாலும் நீரே என்பதை மறந்துவிடக் கூடாது.

அரைகுறையாக நிரம்பிய தாங்கியில் உள்ள ஈரக்காற்று இரவில் குளிர்ந்து நீர்த்துளியாகி, டீசலைவிட அடர்த்தி கூடியதால் அடியில் தங்குகிறது. அந்த நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகி, கரிய வழுவழுப்பான படிவாகி, நடுக்கடலில் வடிகட்டியை அடைத்து இயந்திரத்தை நிறுத்திவிடும். ஆகவே, விரிவடைவதற்கு ஏறத்தாழ 5 சதவீத இடம் மட்டும் விட்டுத் தாங்கியை நிரப்பி வையுங்கள்.

கானை இறுக மூடி, வெயில் படாமல், இயந்திரச் சூட்டுக்கு அப்பால் கட்டி வைக்க வேண்டும். நாகம் (துத்தநாகம்) பூசிய தகர வாளியோ செப்புப் பாத்திரமோ வேண்டாம். அவ்வுலோகங்கள் டீசலுடன் தாக்கமுற்று அதைக் கெடுக்கும். நிரப்பிய திகதியைக் கானில் எழுதி, பழையதை முதலில் பயன்படுத்துங்கள். ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருப்பதை நான் விரும்புவதில்லை. ஊற்றுவதற்கு முன் கானை ஓர் இரவு அசையாமல் வைத்து, அடியிலுள்ள கடைசிப் பகுதியை ஊற்றாமல் விட்டுவிடுங்கள்.