வீட்டு வாடகைக்கு வருமான வரி: முதலீடா, வியாபாரமா?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குக் கொடுத்த மேல்மாடி, ஸ்ரான்லி வீதியில் வங்கிக்கு விட்ட கட்டடம், நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு நாள் கணக்கில் விடும் அறை. பேச்சில் மூன்றும் வாடகைதான். வருமான வரி என்று வரும்போது முதல் இரண்டும் ஒரு கணக்கு, மூன்றாவது வேறு கணக்கு. 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் ஊழியம், வியாபாரம், முதலீடு, ஏனையவை என்று வருமானத்தைப் பிரிக்கிறது. உங்கள் வாடகை எந்தப் பெட்டிக்குள் விழுகிறது, யாருடைய பெயரில் விழுகிறது என்ற இரண்டு கேள்விக்கும் ஒப்பந்தம் எழுதமுன் விடை தெரிந்திருக்க வேண்டும். பிறகு திருத்துவது கஷ்டம். கீழே வரும் தொகைகள் 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரையான வரி ஆண்டுக்குரியவை.

சாவியைக் கையில் கொடுத்துவிட்டு மாதம் மாதம் வாடகை வாங்குவதோடு உங்கள் வேலை முடிகிறதென்றால் அது முதலீட்டு வருமானம். சாப்பாடு, படுக்கை விரிப்பு, தினமும் கூட்டித் துடைக்க ஆள், நாளுக்கு இவ்வளவு என்ற கட்டணம் எல்லாம் சேர்ந்திருந்தால் அது விடுதி நடத்துவது, அதாவது வியாபாரம். இதில் உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை. நடப்பது எதுவோ அதுதான் கணக்கு.

முதலீட்டுப் பக்கத்தில் உள்ள பெரிய சலுகை, இலங்கையில் வதியும் தனிநபருக்கு வாடகையில் 25 சதவீதக் கழிவு. திருத்தம், பராமரிப்பு, தேய்மானம் மூன்றுக்கும் பதிலாகத் தருவது இது. சிட்டை எதுவும் காட்டத் தேவையில்லை. ஆனால் இதை எடுத்துக்கொண்டு, ஓடு மாற்றிய கூலியையும் கிணற்று மோட்டர் பழுது பார்த்த காசையும் மறுபடி செலவாக எழுதக்கூடாது. விவரத்திரட்டில், அதாவது ஆண்டு வருமானத்தைக் காட்டிக் கொடுக்கும் வரிப் படிவத்தில், அதிகம் காணும் பிழைகளில் இதுவும் ஒன்று. வீடு கட்ட எடுத்த வங்கிக் கடனின் வட்டி அந்த மூன்றுக்குள்ளும் அடங்காது, அதை வேறாகக் கழிக்கலாம். கீழே நீங்கள் குடியிருந்து மேலே வாடகைக்கு விட்டால் வட்டி முழுவதையும் போடவேண்டாம். 2,400 சதுர அடியில் 800 உங்கள் பாவனைக்கு என்றால் மூன்றில் இரண்டு பங்குதான் செலவு.

வியாபாரமானால் 25 சதவீதம் கிடையாது. உண்மையான செலவை, சிட்டை இருந்தால், முழுவதும் கழிக்கலாம். கட்டடத்துக்கு 20 ஆண்டுக்குச் சமமாகப் பிரித்த மூலதனக் கொடுப்பனவும் (தேய்மானத்துக்கான கழிவு) உண்டு: காணியின் விலையை நீக்கி, கட்டிய செலவு 120 இலட்சம் என்றால் ஆண்டுக்கு 6 இலட்சம். நட்டம் வந்தால் அதை முதலீட்டு வருமானத்தோடும் ஈடுசெய்யலாம், மிச்சத்தை ஆறு ஆண்டுவரை கொண்டுசெல்லலாம். முதலீட்டில் வந்த நட்டமோ முதலீட்டு வருமானத்தோடு மட்டும்தான் ஈடாகும். இதைக் கேட்டதும் எல்லாவற்றையும் வியாபாரம் என்று காட்ட ஆசை வரும். பாட்டனார் காலத்து நாற்சார் வீட்டுக்குக் கட்டிய செலவைக் காட்ட ஒரு துண்டுச் சிட்டையும் இராது, ஆகவே மூலதனக் கொடுப்பனவும் இராது. புதிதாகக் கடன்பட்டுக் கட்டிய விடுதிக்குத்தான் அந்தப் பக்கம் பெரிய இலாபம்.

இனிப் பெயர். யாழ்ப்பாணத்தில் அதிகம் சிக்கல் வருவது இங்கேதான். வீடு மனைவியின் சீதனம், உறுதி அவரின் பெயரில். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பது கணவர், காசு போவது கணவரின் கணக்குக்கு, குத்தகைக்கு எடுத்த நிறுவனம் வாடகையில் பிடித்த வரியைக் கட்டியதும் கணவரின் ரின் (TIN, வரி செலுத்துநர் அடையாள) இலக்கத்தில். இலங்கையில் கணவன் மனைவிக்குத் தனித்தனி வரிக்கணக்கு. உறுதி ஒருவரின் பெயரிலும் வரிச் சான்றிதழ் இன்னொருவரின் பெயரிலும் இருந்தால், வருமானம் மனைவியுடையது, பிடித்த வரி கணவருடையது என்று இரண்டாகக் கிழிந்து நிற்கும். உறுதியில் உள்ளவரே குத்தகை கொடுப்பவராகக் கையெழுத்திட்டு, அவரின் ரின் இலக்கத்தையும் வங்கிக் கணக்கையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட்டால்தான் சட்டப்படி செல்லும். எப்படியும் நொத்தாரிசிடம் போகத்தான் வேண்டும், அன்றே இதையும் சரிபார்த்துவிடலாம்.

உரிமையாளர் ரொறன்ரோவிலும், அற்றோணித் தத்துவம் (அவருக்காகக் கையெழுத்திடும் அதிகாரம்) தம்பியிடமும் இருந்தால் இதே கதை. தம்பி காசை வாங்குபவர் மட்டும். வருமானம் உரிமையாளருடையது, ரின் இலக்கமும் அவருடையதே வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்குள் மொத்தம் 183 நாளாவது இங்கே நிற்காதவர் பொதுவாக வதிவற்றவர், அவருக்கு 25 சதவீதக் கழிவு இல்லை. ஆண்டு வருமானத்தில் 18 இலட்சம்வரை வரி இல்லை என்ற தனிநபர் விலக்கு, வதிவற்றவரானாலும் இலங்கைக் குடியுரிமை உள்ளவருக்குக் கிடைக்கும். இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்கள் பலர் இது தெரியாமல் முழுத் தொகைக்கும் வரி கட்டுகிறார்கள்.

குத்தகைக்கு எடுப்பது வங்கி, நிதி நிறுவனம், தொண்டு நிறுவனம் போன்றதானால் பிடித்துவைத்தல் வரி வரும், அதாவது வாடகையைக் கொடுக்கும்போதே அதில் ஒரு பங்கைப் பிடித்து வரியாகக் கட்டிவிடுவார்கள். வதிபவருக்குக் கொடுக்கும் வாடகை மாதம் 1 இலட்சத்தைத் தாண்டினால் 10 சதவீதம், வதிவற்றவருக்கு 14 சதவீதம். குடியிருக்க எடுக்கும் குடும்பம் எதுவும் பிடிக்கத் தேவையில்லை, வியாபாரம் நடத்தாத தனிநபருக்கு அந்தக் கடமை இல்லை. வதிபவரிடம் பிடித்தது கடைசி வரி அல்ல, முற்கட்டணம் மாதிரி.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை எடுத்துக்கொள்வோம். கட்டடத்துக்கு மாதம் 1,50,000, மேல்மாடிக்கு 40,000. ஆண்டுக்கு 22,80,000. அரச ஓய்வூதியத்துக்கு வரி இல்லை, அதைச் சேர்க்கவேண்டாம். 25 சதவீதம், அதாவது 5,70,000 போனால் 17,10,000. 18 இலட்ச விலக்குக்குள் அடங்கிவிடுகிறது, வரி பூச்சியம். ஆனால் வங்கி மாதம் 15,000 வீதம் 1,80,000 பிடித்துக் கட்டிவிட்டது. விவரத்திரட்டுக் கொடுத்து மீளளிப்புக் கேட்டால்தான் அந்தக் காசு திரும்பும். அவருக்கு நிலையான வைப்பு வட்டியும் 8 இலட்சம் இருந்தால் மொத்தம் 30,80,000. விலக்கும் கழிவுமாக 23,70,000 போக மிச்சம் 7,10,000. முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், ஆகவே வரி 42,600. வட்டியில் வங்கி பிடித்த 10 சதவீதம் 80,000. இரண்டும் சேர்த்து 2,60,000 ஏற்கெனவே கட்டியாயிற்று, 2,17,400 திரும்ப வரவேண்டும். "வரி கட்டுமளவுக்கு வருமானம் இல்லை, ஏன் பதிவு?" என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தங்கள் தொகையில் போட்டுப் பார்க்கட்டும்.

சம்பளம் எடுப்பவருக்குக் கணக்கு மறுபக்கம் சாயும். மாதம் 2,50,000 சம்பளமுள்ள விரிவுரையாளருக்குச் சம்பளப் பிரிவு 18 இலட்ச விலக்கை ஏற்கெனவே கொடுத்துவிட்டது. வீட்டு வாடகைக்கு அதே விலக்கு இரண்டாம் தரம் கிடையாது. சம்பளத்தில் வரிக்குட்பட்டது 12 இலட்சம். வாடகை மாதம் 60,000 என்றால் ஆண்டுக்கு 7,20,000, கழிவு போக 5,40,000. 10 இலட்சத்துக்கு மேல் முதல் 5 இலட்சத்துக்கு 18 சதவீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 24, அதற்கடுத்த 5 இலட்சத்துக்கு 30, மிச்சத்துக்கு 36. ஆகவே வாடகையில் 3,00,000க்கு 54,000, மிகுதி 2,40,000க்கு 57,600. மேலதிக வரி 1,11,600. வாடகை பேசும்போதே இதையும் மனதில் வைத்துப் பேசுவது நல்லது.

முற்பணம் எங்கள் ஊரில் சாதாரணம். முதலீட்டு வருமானம் தனிநபருக்குக் கைக்கு வந்த ஆண்டில்தான் கணக்கு. மாதம் 80,000 வாடகையில் மூன்று ஆண்டுக் காசை ஒரேயடியாக வாங்கினால் 28,80,000 ஒரே ஆண்டில் வந்து விழும். கால்பங்கு போக 21,60,000, அதில் விலக்கு போக 3,60,000க்கு வரி 21,600. வேறு வருமானம் இல்லாதவர் ஆண்டு ஆண்டாக வாங்கியிருந்தால் ஒரு சதமும் இல்லை. திருப்பிக் கொடுக்கவேண்டிய வைப்புப் பணம் வாடகை அல்ல. அதை "திருப்பிக் கொடுக்கும் வைப்பு" என்றே ஒப்பந்தத்தில் எழுதுங்கள், வெறுமனே "அட்வான்ஸ்" என்று எழுதவேண்டாம். கடைசி மாதங்களின் வாடகைக்கு அதைக் கழித்தால், கழிக்கும் நாளில் அது வாடகையாகிவிடும்.

ரின் இலக்கம் இல்லாதவர் உள்நாட்டு இறைவரித் திணைக்கள இணையத்தளத்தில் தேசிய அடையாள அட்டையுடன் பதியலாம். வரி வரும் என்று தெரிந்தால் தவணைகள் ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. மிகுதி செப்ரெம்பர் 30க்குள், விவரத்திரட்டு நவம்பர் 30க்குள். பிந்திக் கட்டும் தொகைக்கு மாதம் 1.5 சதவீத வட்டி. பிடித்துவைத்தல் சான்றிதழை ஆண்டு முடியும்வரை காத்திராமல் மாதம் மாதம் நிறுவனத்தின் கணக்குப் பிரிவிடம் கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் ரின் இலக்கத்தை ஒவ்வோர் எண்ணாக ஒப்பிடுங்கள். ஒரு எண் மாறினாலும் உங்கள் காசு இன்னொருவரின் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். ஏப்ரலில் கண்டால் ஒரு கடிதத்தோடு திருத்தலாம், நவம்பரில் கண்டால் கணக்காளர் மாறியிருப்பார். ஒப்பந்தம், சான்றிதழ்கள், வங்கிக் கூற்று, கடன் வட்டிச் சான்று எல்லாவற்றையும் ஆண்டுக்கு ஒரு கோப்பாக ஐந்து ஆண்டு வைத்திருக்கவேண்டும். காசாக வாங்கும் வாடகைக்கும் திகதி போட்ட பற்றுச்சீட்டு எழுதி, அடிக்கட்டையை அதே கோப்பில் போடுங்கள்.